ஆறு ஓட்டைக்கு ஒன்பது கால்

ஆறு ஓட்டை உள்ள மதர்போர்டுக்கு ஆறு கால்தான் வைக்க வேண்டும். இதற்கு டிப்ளமோ தேவையில்லை. ஆறு வரை எண்ணத் தெரிந்தால் போதும். அரியலூரில் அந்த வருடம் ஆறு வரை எண்ணத் தெரிந்தவர் எவருமில்லை என்று நான் ரொம்ப நாள் மனதுக்குள் திட்டிக்கொண்டு திரிந்தேன். அது பொய். எல்லோருக்கும் எண்ணத் தெரிந்திருந்தது.

எண்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்தியொரு வயது. திருச்சியில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, அங்கேயே கம்ப்யூட்டர் மாட்டி விற்கிற ஒரு கடையில் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தேன். ஊர் கீழப்பழுவூர் பக்கம். அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைக்கிறவர். அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போகிறவள். நிலம் என்று எங்களுக்குக் கையகலம்கூடக் கிடையாது. மற்றவர்கள் நிலத்தில் எங்கள் வீட்டு ஆட்கள் கால் வைக்காத வரப்பும் கிடையாது. பத்தாவதைத் தாண்டியதே எங்கள் தெருவில் நான்தான் முதல். அதனால் என்ன படித்தேன் என்று யாரும் கேட்கவில்லை. படித்தேன், அவ்வளவுதான்.

திருச்சிக் கடையை மூடிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்திருந்த மூன்றாவது மாதம், அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு சுவரொட்டி பார்த்தேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஒன்று கம்ப்யூட்டர் சென்டராகிறதாம். விவரம் தெரிந்தவர்கள் நேரில் வரவும் என்று போட்டிருந்தது. விவரம் தெரிந்தவள் என்று அந்த வட்டாரத்தில் என்னைத் தவிர யார் இருக்கப்போகிறார்கள் என்ற திமிரோடுதான் மாடிப்படி ஏறினேன். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது. அதற்கப்புறம் அப்படி ஒரு படியும் ஏறியதில்லை.

கீழே உரக்கடை. மேலே பன்னிரண்டு டைப்ரைட்டர்கள் ஒரே நேரத்தில் தட்டப்படுகிற ஹால். அதன் கோடியில் கண்ணாடித் தடுப்பு போட்டு, ஜன்னலில் ஏ.சி. பெட்டி வைத்து, ஒரு அறை தயாராகியிருந்தது. வாசலில் 'செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்' என்று பலகை. உள்ளே கம்ப்யூட்டர்தான் இன்னும் வரவில்லை. பாகம் பாகமாக மெட்ராஸிலிருந்து பார்சலில் வந்துகொண்டிருந்தது. மொத்தமாக வாங்கினால் விலை அதிகம், மாட்ட ஆள் கிடைத்தால் பாதி மிச்சம் என்று யாரோ முதலாளியிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆள் நான்.

முதலாளியை எல்லோரும் சார் என்போம். உடையார்பாளையம் பக்கம் நிலமுள்ள குடும்பம். நாலு வேலி நிலத்தையும் அண்ணன் பார்த்துக்கொள்ள, இவர் டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் சொல்லிக்கொடுத்து டவுனில் மரியாதையாக இருந்தார். என் சர்டிபிகேட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"எந்த ஊரு?"

சொன்னேன்.

"எந்தத் தெரு?"

அதையும் சொன்னேன். சர்டிபிகேட்டை மேஜையில் வைத்தார், என் கையில் தரவில்லை. பிறகு சிரித்துக்கொண்டே, "அதனால என்னம்மா, காலம் மாறிப்போச்சு. மிஷினை மாட்டி ஓட்டிக் காட்டு. தொறப்பு விழா அன்னிக்கி ஒழுங்கா ஓடுச்சுன்னா நீதான் இங்க கம்ப்யூட்டர் டீச்சர். மாசச் சம்பளம். என்ன?" என்றார்.

"சரிங்க சார்."

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் சுரங்கத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் அம்மாவோடு நடவுக்குப் போகிறவர்கள் என்னை "டீச்சரு" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வேலை கிடைக்கும் முன்பே அந்தப் பெயர் தெருவுக்குள் வந்துவிட்டது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை.

மதர்போர்டு கடைசியாக வந்தது. பச்சை அட்டை, முழங்கை நீளம். அதைப் பொருத்துவதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது, பொறுமைதான் வேண்டும். கேபினெட் என்பது வெறும் தகரப் பெட்டி. அதன் அடித்தகட்டில் போர்டை அப்படியே கிடத்திவிட முடியாது. போர்டின் முதுகெல்லாம் ஈயம் வைத்துப் பற்றவைத்த முனைகள். தகரத்தில் பட்டால் கரண்ட் போகக் கூடாத வழியில் போய்விடும். அதனால் கீழே சின்னச் சின்னப் பித்தளைக் கால்களைத் திருகி, அதன்மேல் போர்டை உட்காரவைத்து, மேலே வாஷர் போட்டு ஸ்குரூ முடுக்க வேண்டும். அந்தக் காலுக்கு ஸ்பேசர் என்று பெயர். நாங்கள் கால் என்றே சொல்வோம்.

சிக்கல் எங்கே என்றால், பெட்டி செய்கிறவன் எல்லா அளவு போர்டுக்கும் ஆகட்டும் என்று அடித்தகட்டில் பதினைந்து ஓட்டை போட்டு அனுப்பிவிடுவான். பாக்கெட்டில் ஒன்பது கால் இருக்கும். போர்டில் இருப்பதோ ஆறு ஓட்டை. எந்த ஆறு இடத்தில் கால் வைப்பது என்பதுதான் வேலையே. போர்டில் ஓட்டை இல்லாத இடத்துக்கு நேர் கீழே ஒரு கால் நின்றுவிட்டால், அது போர்டின் முதுகில் நேராகக் குத்தும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஸ்விட்சைப் போட்டால் தெரியும்.

திருச்சியில் நான் ஒரு முறை கண்டுபிடித்து வைத்திருந்தேன். நியூஸ் பேப்பரை விரித்து, போர்டை அதன்மேல் வைத்து, ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் பென்சிலை விட்டுக் காகிதத்தைக் குத்திவிடுவேன். அந்தக் காகிதத்தைக் கேபினெட்டின் அடியில் விரித்தால், குத்திய இடம் எந்த ஓட்டைமேல் வருகிறதோ அங்கே மட்டும் கால். மற்ற இடத்தில் கையே வைக்கக் கூடாது. அந்தக் கடையில் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்த இருவர் ஆளுக்கொரு போர்டைக் கருக்கியிருந்தார்கள். நான் கருக்கியதில்லை.

அரியலூரிலும் அப்படியே செய்தேன். சிமெண்ட் தூசி எதற்குள்ளும் புகுந்துவிடும் ஊர் என்பதால், கேபினெட்டை முதலில் ஈரத்துணியாலும் பிறகு காய்ந்த துணியாலும் துடைத்தேன். காகிதத்தில் ஆறு குத்து. ஆறு கால். போர்டை இறக்கி, பின்பக்கம் கீபோர்டு செருகும் துளை பெட்டியின் துளைக்கு நேராக வருகிறதா என்று பார்த்து, வாஷர் வைத்து, ஸ்குரூக்களை ஒவ்வொன்றாக, எதையும் ஒரேயடியாக முடுக்காமல், சுற்றிச் சுற்றி இறுக்கினேன். பவர் வயர் இரண்டு கொத்தையும் கருப்பு வயர்கள் நடுவில் சேரும்படி செருகினேன். ஸ்விட்சைப் போட்டதும் ஒரே ஒரு 'பீப்'. அதற்கு எல்லாம் சரி என்று அர்த்தம். திரையில் பச்சை எழுத்து ஓடியது. ஹாலில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். சார் என் தலையில் வைக்கிற மாதிரி கையைக் கொண்டுவந்து, பாதியில் எடுத்துக்கொண்டு, "கெட்டிக்காரிம்மா" என்றார்.

மிச்சமிருந்த மூன்று கால்களை ஒரு காலி பவுடர் டப்பாவில் போட்டு மேஜை டிராயரில் வைத்தேன். ஓட்டை குத்திய காகிதத்தையும் மடித்து அதன் பக்கத்திலேயே வைத்தேன். அது வியாழக்கிழமை. மறுநாள் காலை திறப்பு விழா. ஐந்து மணி பஸ்ஸுக்கு நான் கிளம்பிவிட்டேன்.

நான் கிளம்பிய பிறகுதான் பெரம்பலூரிலிருந்து மாப்பிள்ளை வந்திருக்கிறார்.

மாப்பிள்ளை என்றால் சாருடைய மனைவியின் தம்பி. பெரம்பலூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். அந்தப் பக்கம் வானம் பார்த்த பூமி. போர் போட்டு மோட்டார் இறக்கினால்தான் சோளமும் பருத்தியும். கருகிப்போன மோட்டார்கள் அவருக்கு வந்துகொண்டே இருக்கும். நல்ல கைவேலைக்காரர், பொய் சொல்லக் கூடாது. கெட்ட மனிதரும் இல்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சுமப்பது லேசாக இருந்திருக்கும்.

மோட்டார்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓட்டை இருந்தால் போல்ட் இருக்க வேண்டும். பம்ப்செட் அதிருகிற சாமான். எட்டு ஓட்டையில் ஏழு போல்ட் போட்டால் ஒரு மாதத்தில் அந்த ஏழும் கழன்றுவிடும். காலியாக ஒரு ஓட்டையைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் காபி குடித்துவிட்டு, புது மிஷினைப் பார்க்க வந்தவர், மூடியைத் திறந்து போர்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்திருக்கிறார். லேசாகத் தொய்ந்திருக்கிறது. தொய்யத்தான் செய்யும். அடியில் காலி ஓட்டைகள், டிராயரில் மூன்று கால். பொண்ணு மறந்துவிட்டது என்று நினைத்து, போர்டைக் கழற்றி, மூன்றையும் நடுவில் திருகி, திரும்ப மாட்டிவிட்டார். ஓட்டிப் பார்த்தாரா என்றால் இல்லை. முதல் ஸ்விட்சு நல்ல நேரத்தில்தான் போட வேண்டும் என்று சார் சொல்லிவிட்டாராம். நான் வியாழக்கிழமை போட்டது கணக்கில் வரவில்லை போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே போய்விட்டேன். அப்பா சுரங்கத்துக்கு லீவு சொல்லிவிட்டு, வெளுத்த வேட்டி கட்டி, என்னோடு பஸ்ஸில் வந்தார். மாடிக்கு வரச் சொன்னேன். "நான் இங்கயே நிக்கிறன், நீ போ" என்று எதிர்ச்சாரி டீக்கடையில் நின்றுகொண்டார்.

மேலே தோரணமும் வாழைக்கன்றும் கட்டியிருந்தது. டைப்ரைட்டர் பன்னிரண்டுக்கும் குங்குமம். கம்ப்யூட்டர் மேஜையில் பட்டுத்துண்டு. கேபினெட்டின் மூடிக்குச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்து, கதம்பம் சாத்தியிருந்தார்கள். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு, பத்து மணி வாக்கில் ஸ்குரூடிரைவரை உள்ளே வைக்கலாம் என்று டிராயரை இழுத்தேன். பவுடர் டப்பா கையில் லேசாக இருந்தது. ஆட்டினேன். சத்தமில்லை.

மாப்பிள்ளை ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்த டப்பால மூணு பித்தளக் கால் இருந்துச்சுங்களே?"

"அதப் போட்டுட்டேம்மா. நீ மறந்துட்ட போல. நடுவுல அமுக்குனா தொய்யுது. இப்ப பாரு, கல்லு மாரி நிக்குது."

நேராகச் சாரிடம் போனேன். அவர் மடிப்புக் கலையாத சட்டையோடு, பத்தாகியும் தலைமை விருந்தினர் வரவில்லையே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். விருந்தினர் என்றால் ஒரு ரைஸ்மில் முதலாளி. மூன்று பள்ளிக்கூடத்தின் கமிட்டியில் இருப்பவர். பிள்ளைகளை அனுப்பிவைப்பார் என்று எதிர்பார்ப்பு.

"சார், மூடிய மட்டும் ஒரு தடவ கழட்டிப் பாத்துடறேங்க சார். உள்ள கால் அதிகமா நிக்குது. பத்தே நிமிசம்."

"பொட்டு வச்சாச்சேம்மா."

"ஆபத்துங்க சார்."

"பத்தரைக்கு ராகு காலம் பொறந்துடும். பொட்டு வச்ச பொருள்ல இப்பப் போயி நீ கை வைக்காத. தள்ளி நில்லு."

நீ என்பதை அவர் அழுத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அப்போது மாப்பிள்ளையின் கை அந்த மூடியின்மேல்தான் இருந்தது, சரிந்த பூவைச் சரிசெய்துகொண்டு. நான் பார்த்தேன். சாரும் நான் பார்ப்பதைப் பார்த்தார். தள்ளிப் போய்க் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றேன்.

பத்தேகாலுக்கு மேல் விருந்தினர் வந்தார். தேங்காய் உடைத்தார்கள், சூடம் காட்டினார்கள். அந்தச் சின்ன அறையில் புகை மண்டியது. ஏ.சி. பெட்டி அதைச் சுற்றிச் சுற்றி அறைக்குள்ளேயே விட்டது. விருந்தினர் மிஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத யாருங்க மாட்டுனது? மெட்ராஸ் ஆளா?" என்று கேட்டார்.

சார் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டார். "நம்ம மாப்ளதாங்க. பெரம்பலூர்ல வைண்டிங் கடை வச்சிருக்காப்ல. எல்லாம் அவரு கைவேலதான்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். மறுக்கவில்லை.

இப்போது நான் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. விருந்தினரின் கை சிவப்பு ஸ்விட்சுக்குப் போனது. எனக்கும் அதற்கும் இடையில் ஒரு கண்ணாடித் தடுப்பும் திறந்திருந்த கதவும்தான். "போடாதீங்க" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். என்னைத் திட்டியிருப்பார்கள், மூடியைத் திறந்திருப்பார்கள், போர்டு பிழைத்திருக்கும். வாயைத் திறந்தேன்கூட. அப்புறம் மூடிக்கொண்டேன். எரியட்டும் என்று நினைத்தேன். மாப்பிள்ளை கைவேலைதானே, எரியட்டும்.

எரிந்தது. விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது. 'டப்' என்று ஒரு சத்தம், பட்டாசு ஈரத்தில் வெடித்த மாதிரி. சூடப் புகையில் முதலில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சிலர் கைகூடத் தட்டினார்கள். பிறகு அந்த நாற்றம் வந்தது. பேக்லைட் கருகுகிற நாற்றத்தைச் சூடத்தால் மறைக்க முடியாது. மாப்பிள்ளைதான் பாய்ந்து ப்ளக்கைப் பிடுங்கினார்.

விருந்தினர் இரண்டடி பின்வாங்கி, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னங்க இது?" என்றார்.

சார் திரும்பி, செருப்புகளுக்கு நடுவில் நின்றிருந்த என்னைக் கைநீட்டிக் காட்டினார். "இந்தப் பொண்ணு மாட்டுனதுங்க."

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் அது என் கைவேலையாகிவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

கூட்டம் கலையும் வரை நின்றேன். பிறகு யாரிடமும் கேட்காமல் உள்ளே போய், பொட்டு வைத்த மூடியைக் கழற்றினேன். இப்போது அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. போர்டைத் தூக்கி முதுகைத் திருப்பினால், நடுவில் இரண்டு முனைகள் சேர்ந்து கருகி, அரைக் காசளவுக்குப் பழுப்பு வட்டம். அடித்தகட்டில் அதற்கு நேர் கீழே நின்ற காலின் தலையும் கருத்திருந்தது. டிராயரிலிருந்த என் காகிதத்தை விரித்து அடித்தகட்டின்மேல் வைத்தேன். ஆறு கால்கள் ஆறு குத்து வழியாகத் தலையை நீட்டின. மூன்று கால்கள் ஓட்டையில்லாத இடத்தில் காகிதத்தை முட்டித் தூக்கிக்கொண்டு நின்றன. பார்க்கிற யாருக்கும் புரியும்.

"இங்க பாருங்க சார்" என்றேன்.

பார்த்தார். நன்றாகவே பார்த்தார். மூன்று முட்டல்களையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சார் அந்தக் காகிதத்தை எடுத்து, நாலாகக் கிழித்தார். கோபமாகக் கிழிக்கவில்லை. ஹாலில் சுண்டலுக்குக் காகிதம் பத்தவில்லை என்று கேட்டுக்கொண்டு நின்ற ஒரு அம்மாளிடம் கொடுத்தார்.

"ஒனக்குக் கைராசி இல்லம்மா. என்ன பண்றது. போயிட்டு வா."

கீழே அப்பா டீக்கடையில் நின்றிருந்தார். மாடியிலிருந்து சுண்டலோடு இறங்கிய யாரோ அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் கடைசி வரை சொல்ல வேண்டும். எரியட்டும் என்று நினைத்ததையும் சொல்ல வேண்டும். கீழப்பழுவூர் வரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தோம். அடுத்த வாரமே தெருவில் 'டீச்சரு' நின்றுபோனது. அதைச் சொல்லிக் கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். யாரும் கேலி செய்யவில்லை. சத்தமில்லாமல் பழைய பெயருக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, சார் மொபெட்டில் வந்து எங்கள் தெரு முனையில் நின்றுகொண்டு ஆள் அனுப்பினார். தெருவுக்குள் வரவில்லை. நான் போனேன்.

"புது போர்டு வந்துருக்கும்மா. ஞாயித்துக்கெழம இன்ஸ்டிடியூட் லீவு. பின்பக்கப் படி வழியா வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போயிடு. ஒன் கூலியக் குடுத்துடறேன். வெளிய யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

டீச்சர் வேலை பற்றி அவர் பேசவில்லை. அம்மா, "போகாதடி. சூடு சொரண இருந்தா போகாத" என்றாள். சூடு சொரணை எனக்கு நிறையவே இருந்தது. ஆனாலும் போனேன். புது போர்டு ஒழுங்காக ஓடினால் மனது மாறி வேலையைக் கொடுத்துவிடுவார் என்று உள்ளே ஒரு நப்பாசை. அதை எழுதவே இப்போது கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் அங்கே இருந்தார். புதுக் காகிதம், புதிதாக ஆறு குத்து. அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்து, ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். சார் டீ வாங்கக் கீழே போன நேரத்தில் மெதுவாகச் சொன்னார்.

"அன்னிக்கி நான் பண்ணதுதாம்மா. அன்னிக்கே மாமாகிட்ட ஒத்துக்கிட்டேன். வுடு மாப்ள, பாத்துக்கலாம்னுட்டாரு. எல்லாரும் நிக்கிறப்ப நான் எப்படிம்மா சொல்றது?"

"எனக்கும் அதே எல்லாரும்தாண்ணே நின்னாங்க" என்றேன். அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டார்.

அவர் கை கழுவப் போனதும் நான் தனியாக இருந்தேன். அடித்தகட்டில் ஆறு கால்கள் நின்றன. மிச்சம் மூன்று என் இடது கையில். அதில் ஒன்று தலை கருத்தது. நடுவில் அந்தக் காலி ஓட்டை. ஒரே ஒரு திருகல். மேலே போர்டை வைத்துவிட்டால் எவனுக்கும் தெரியாது. நல்ல நேரத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஓட்டிக் காட்டாமல் கிளம்பிவிட்டால், இந்த முறை ஸ்விட்சைப் போடும்போது என் ராசியைப் பழி சொல்ல நானும் அங்கே இருக்கப்போவதில்லை. அந்தக் கருத்த காலை ஓட்டையில் வைத்தேன். அரைச் சுற்று திருகினேன்.

பிறகு கழற்றிவிட்டேன். நல்ல மனசு என்று நினைத்துவிட வேண்டாம். தப்பாக மாட்ட என் கை போகவில்லை, அவ்வளவுதான். ஒரு போர்டைக்கூடக் கருக்கியதில்லை என்பது ஒன்றுதான் என்னிடம் மிச்சமிருந்தது; அதையும் அவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அதற்காக அன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இன்றைக்கும் சில நாள் வருகிறது.

ஒரே ஒரு 'பீப்'. திரையில் பச்சை எழுத்து. சார் கூலியை மேஜையின் ஓரத்தில் வைத்தார், நான் எடுத்துக்கொண்டு பின்பக்கப் படி வழியாக இறங்கினேன். வேலை பற்றி நானும் கேட்கவில்லை. அடுத்த மாதம் மறுபடி தோரணம் கட்டித் திறப்பு விழா நடந்தது. மாப்பிள்ளை பெரம்பலூர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அரியலூரில் கம்ப்யூட்டர் சாரானார். நான் ஆண்டிமடத்தில் ஒரு முந்திரி வியாபாரியின் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். தினமும் கடிதம் அடித்தேன். ஸ்குரூடிரைவரை வீட்டில் அம்மா தேங்காய் நெம்பப் பயன்படுத்தினாள்.

இரண்டு வருடம் போயிருக்கும். என் தங்கை பன்னிரண்டாவது முடித்துவிட்டு கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். திருச்சிக்கு அனுப்ப வசதியில்லை. அரியலூரில் இருந்தது ஒரே சென்டர். என் சம்பளத்திலிருந்துதான் பீஸ் கட்டினேன். சேர்க்க நான் மாடி ஏறவில்லை, அப்பாவை அனுப்பினேன். இந்த முறை அவர் மேலே போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை தரையில் குப்புறப் படுத்து நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். மதர்போர்டு. அழகாக, ஸ்கேல் வைத்து வரைந்திருந்தாள்.

"மாட்றதுக்கு ஒரு வழி இருக்குக்கா" என்றாள், என் பக்கம் திரும்பாமலே. "பேப்பர விரிச்சு, போர்ட மேல வச்சு, பென்சிலால ஓட்டையக் குத்திக்கணும். குத்துன எடத்துல மட்டும்தான் கால் வைக்கணும். ஒண்ணு அதிகமாப் போனாலும் கருகிடும். எங்க கம்ப்யூட்டர் சாரே கண்டுபுடிச்சதாம்."

நான் நோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கீபோர்டு செருகுகிற மூலையில் ஓர் ஓட்டை அதிகமாக வரைந்திருந்தாள். மொத்தம் ஏழு. அங்கே ஓட்டை கிடையாது. அந்த ரகப் போர்டை இரண்டு முறை என் கையால் இறக்கியிருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். குனிந்து அவள் கையிலிருந்து பென்சிலை வாங்கி, அதன் பின்பக்க ரப்பரால் அந்த ஏழாவது வட்டத்தை அழித்தேன்.

"ஐயோ, ஏன்க்கா அழிக்கிற? ஏழுன்னுதான் சார் கரும்பலகைல போட்டாரு."

"ஆறுதான்டி."

அவள் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். குத்திக் காட்ட வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. ஊரில் கேட்டதைத்தான் சொன்னாள்.

"நீ மாட்டுனதுதானக்கா எரிஞ்சுபோச்சு?"

வாயைத் திறந்தேன். பிறகு பென்சிலை அவளிடமே கொடுத்துவிட்டேன். அவள் ஸ்கேலை வைத்து, அழித்த இடத்தில் அந்த ஏழாவது ஓட்டையைத் திரும்ப வரைந்தாள்.